சிறு தடங்கல், சற்றுப் பொறுங்கள்

பிப்ரவரி 10

தம்பிக்கு,

நீ அனுப்பிய ரெக்கார்டிங்கைப் பார்த்தேன். யாருடா அந்த அம்மா? என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் நாற்காலியில் உட்கார்ந்து, செய்தி வாசிக்கிற மாதிரி பொழிந்து தள்ளுகிறாள். எனக்கே அவளைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

போன ஞாயிறு எங்கள் கூட்டம் நாற்பத்தொரு நிமிடம் நடந்தது. நீ சுத்தம் செய்து அனுப்பியது பதினேழு நிமிடம். மீதி இருபத்துநாலு நிமிடத்தை எங்கே கொட்டினாய்? அதில்தான்டா நாங்கள் இருந்தோம். திக்கிப் பேசுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிற கூட்டத்தில் திக்கலை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? சலவைக்கடைக்கு மேலே ஒரு அறையும் பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலியும்தான்.

எங்களுக்கு இரண்டே விதி. யாரும் யாருக்கும் வார்த்தை எடுத்துக் கொடுக்கக்கூடாது. ஒவ்வொருவரும் அந்த மாதம் வாயைத் திறந்து செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். எங்களில் ஒருவரான தையல்காரருக்கு அன்றைக்கு, "காஸ் ஆபீசுக்கு நானே போன் பண்ணேன்" என்று சொல்ல முக்கால் நிமிடம் ஆயிற்று. அத்தனை நேரமும் நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்லி முடித்ததும் கைதட்டல். நீ அனுப்பியதில் இரண்டே விநாடியில் சொல்லிவிடுகிறார். காஸ் ஆபீசுக்குப் போன் செய்த ஆளுக்கு எதற்கு இத்தனை பேர் கைதட்டுகிறார்கள் என்று பார்க்கிறவன் மண்டையைப் பிய்த்துக்கொள்வான்.

மார்ச் ஒன்றாம் தேதி கூட்டத்தை நேரலையாகவே விட்டுவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. யோசனை மருந்துக்கடை அம்மாவுடையது. "எடுத்து வெச்சு அப்புறம் போட்டாத்தானே உங்க தம்பி கத்தரிக்கோலைத் தூக்குவாரு? நேரா விட்டுட்டா என்ன பண்ணுவாரு?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு லாரி டிரைவர் எங்களுக்கு எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ரோட்டில் இருப்பவர். தன்னைத் தவிர திக்குகிற இன்னொரு ஆளை நேரில் பார்த்ததே இல்லையாம். "ஒரு தடவை பார்க்கணும் மேடம், பார்த்துட்டா வரலாமான்னு யோசிப்பேன்" என்று எழுதியிருந்தார். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பார்ப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ஆகவே உன் உதவி வேண்டும். என்ன கேமரா, எத்தனை மைக், எதை எங்கே வைப்பது என்று விவரமாக எழுது. போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி, பதிலையும் நீயே சொல்லிவிடுவாய். தாளில் உன் ஜம்பம் பலிக்காது.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

மன்னித்துக்கொள். மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டு நாலாவதாக எழுதுகிறேன்.

என் வேலை உனக்குத் தெரியும். பாடம் நடத்துகிறவர்களின் வீடியோவில் ஒலியைச் சுத்தம் செய்வது. "ம்", "வந்து", எச்சில் விழுங்குவது, மூச்சு வாங்குவது எல்லாம் போகவேண்டும். எங்கள் முதலாளி, "சும்மா இருக்கற எடத்தை எவன்யா உக்காந்து கேப்பான்?" என்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை மற்றவர்களுடைய மூச்சை வெட்டிக்கொண்டிருக்கிறேன். உன்னுடையதைத் திறந்ததும் கை தானாகப் போய்விட்டது, உன் குரல் என்றே கவனிக்கவில்லை.

இப்போது எழுதிய வரி பொய். கவனித்தேன். உன் குரல் என்பதால் மற்றவர்களுடையதைவிட நுணுக்கமாக வெட்டினேன். ஒட்டுப் போட்ட இடம் எவனுக்கும் தெரியக்கூடாது என்று இரண்டு நாள் உட்கார்ந்தேன். உனக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு.

நேரலைக்கு என் திட்டம் இது. அறையில் இரண்டு போன். ஒன்று ஸ்டாண்டில், பேசுகிறவர் முகத்துக்கு நேராக. இன்னொன்று ஜன்னல் பக்கம், எல்லோரும் தெரிகிற மாதிரி. சட்டைக் காலரில் குத்துகிற மைக் ஒன்று அனுப்புகிறேன், பேசுகிறவர் கை மாற்றிக் குத்திக்கொள்ளட்டும். அறையின் நெட்டை நம்பவேண்டாம். சலவைக்கடையிலிருந்து நீளமாக ஒரு ஒயர் இழுக்கச் சொல். இரண்டு போனும் படத்தை என் கணினிக்கு அனுப்பும். நான் இங்கே என் அறையில் உட்கார்ந்து மாற்றி மாற்றி வெளியே விடுவேன். நெட் போய்விட்டால் திரை கறுப்பாகிவிடக்கூடாது அல்லவா, அதற்காக ஒரு பலகை செய்துவைக்கிறேன். "சிறு தடங்கல், சற்றுப் பொறுங்கள்." அதற்கு மட்டும்தான் அது.

காட்சியில் வர விருப்பமில்லாதவர்களை முன்பே கேட்டுவிடு. ஒருமுறை போய்விட்டால் திரும்ப அழைக்க முடியாது.

நீ எதைப் பற்றிப் பேசப்போகிறாய்? எவ்வளவு நேரம் என்று தெரிந்தால் எனக்கு வசதி.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

மைக் வந்தது. தையல்காரர் அதைக் குத்திப் பார்த்துவிட்டு, இந்தக் கிளிப் நல்ல துணியில் ஓட்டை போட்டுவிடும் என்று அடியில் வைக்க ஒரு வெல்வெட் துண்டு தைத்துக் கொடுத்திருக்கிறார். சலவைக்கடைக்காரர் ஒயருக்குச் சம்மதித்துவிட்டார். ஆனால் பதினொன்றரைக்குத் துணி காயவைக்கிற மெஷினைப் போட்டால் எங்கள் தரையே அதிரும். பன்னிரண்டு மணி வரை போடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். முகம் காட்ட விருப்பமில்லாதவர்கள் மூன்று பேர். ஜன்னல் போனுக்குக் கீழேயே நாற்காலி போட்டுவிட்டோம், அங்கே கேமராவுக்குக் கண் தெரியாது.

ஒத்திகையும் பார்த்தோம். லைவ் என்றதும் எல்லோருக்கும் வேட்டைக்காரன் முன்னால் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. மருந்துக்கடை அம்மா நாள் முழுக்க வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுகிறவர். அவரே கேமராவைப் பார்த்ததும் வாயடைத்துப்போனார்.

இந்த மாதம் என் காரியம் என்ன தெரியுமா? பஸ்ஸில் எங்கள் நிறுத்தத்தின் பெயர் என் வாயில் வராது. முந்தின நிறுத்தத்தின் பெயர் சுலபம். பதினோரு வருடமாக அதற்கே டிக்கெட் வாங்கி, இறங்கி, மீதியை நடக்கிறேன். அச்சகத்தில் எல்லோரும் நான் உடம்பு இளைக்க நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை என் நிறுத்தத்துக்கே டிக்கெட் வாங்கினேன். கண்டக்டர் காத்திருந்தார். பின்னால் ஒருவர் "சீக்கிரம்" என்றார். வாங்கிவிட்டேன்டா.

அதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் பேசவேண்டும். இந்தத் தடவை பொதுத் தலைப்பாக "எனக்காகப் பேசியவர்கள்" என்று வைத்திருக்கிறோம். எனக்கு உன்னை விட்டால் யார்? ஆசிரியப் பயிற்சிக்கு உன்னைப் போன் செய்யச் சொன்னேனே, அந்த டெலிபோன் பூத் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். உனக்கு ஆட்சேபம் இல்லையே?

அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்கா,

வெல்வெட் துண்டு நல்ல யோசனை. துணி உரசுகிற சத்தமும் வராது.

சில விஷயம். மேலே ஓடுகிற ஃபேனை ஒன்றில் வை, மூன்றில் வைத்தால் மைக்கில் காற்று அடிக்கும். இரண்டு போனையும் முந்தின நாளே முழுக்க சார்ஜ் போட்டுவிடு. அழைப்பு வந்தால் படம் நின்றுவிடும், அதனால் சிம்மைக் கழற்றிவிடச் சொல். ஒவ்வொரு போனிலும் ஒரு மெமரி கார்டு போடு. வெளியே போவது போக, அதிலும் தனியாகப் பதிவாகிக்கொண்டிருக்கும். பத்தரைக்குக் கூட்டம் என்றால் பத்து மணிக்கே இணைப்பைக் கொடுத்துவிடு, நான் இங்கே தயாராக இருப்பேன்.

டிக்கெட் வாங்கியது பெரிய விஷயம் அக்கா. அதையே விரிவாகச் சொல்லலாமே. பூத் கதையில் என்ன இருக்கிறது? எப்போதோ நடந்தது. யாருக்கு சுவாரசியம்? உன் இஷ்டம்.

தம்பி


மார்ச் 3

தம்பிக்கு,

நடந்து முடிந்துவிட்டது! எண்பத்தேழு பேர் பார்த்தார்களாம். எங்களுக்கு எண்பத்தேழு பேர் என்பது மாநாடு. தையல்காரர் கேமராவைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார், அப்புறம் பேசினார் பார், நிறுத்தவே முடியவில்லை. டிக்கெட் கதைக்கு எனக்கு நல்ல கைதட்டல். நீ சொன்னபடி ஃபேனை ஒன்றில் வைத்ததில் எல்லோரும் வியர்த்து வழிந்தோம், அதை மட்டும் உன் கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.

ஆனால் இரண்டு விஷயம் மனசில் உறுத்துகிறது.

ஒன்று, நீ. அன்றைக்கு மத்தியானம் "நன்றாக இருந்தது அக்கா" என்று ஒரு மெசேஜ் போட்டாய். அவ்வளவுதானா? பூத் கதையில் நான் அவ்வளவையும் சொன்னது கூட்டத்துக்காக இல்லை. கேமராவுக்குப் பின்னால் நீ இருக்கிறாய் என்று தெரிந்துதான் சொன்னேன். நேரில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததில்லை. சொல்லிவிட்டு உன் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு, லாரி டிரைவர். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன். "மேடம், நல்லா இருந்துச்சு. டிக்கெட் வாங்குனது சூப்பர். ஆனா அதுக்கப்புறம் உங்க வாய் நின்னதும் பலகையைப் போட்டுட்டீங்க. எங்க வீட்லயும் இப்படித்தான், நான் பேச ஆரம்பிச்சா டிவி சத்தத்தைக் கூட்டிடுவாங்க. பரவாயில்லை மேடம். எல்லா எடமும் ஒண்ணுதான்."

எந்தப் பலகை? அறையில் இருந்த எங்கள் யாருக்கும் ஒன்றும் தெரியாது. மருந்துக்கடை அம்மா, நெட் போயிருக்கும் என்கிறார். அப்படியா?

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்கா,

ஆமாம், நெட்தான். ஒன்றே முக்கால் நிமிடம் போலப் படம் வரவில்லை, அதனால் பலகை தானாக ஏறிவிட்டது. தற்செயலாக நீ பேசுகிற நேரத்தில் ஆகிவிட்டது. டிரைவரிடம் சொல்லிவிடு, பாவம், தப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்.

பூத் கதையைக் கேட்டேன். மனசைத் தொட்டது. என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை, அதனால்தான் எழுதவில்லை. இங்கே வேலை கொஞ்சம் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

எனக்கு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. இருபது வருடமாக எழுத்துக்கு எழுத்து மேய்கிறேன். உன் கடிதத்தில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

படம் வரவில்லை என்கிறாய். படமே வராதபோது நான் பேசியதை எப்படிக் கேட்டாய்? கேட்டாய் என்றால், என்ன கேட்டாய்? ஒரு வரி எழுது பார்க்கலாம். பூத் கதையைக் கேட்ட யாரும் "மனசைத் தொட்டது" என்று முடித்துக்கொள்ளமாட்டார்கள். நீ முடித்துக்கொள்ளவே மாட்டாய்.

சலவைக்கடைக்காரரிடமும் கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவர் கடையில் நெட் ஒரு விநாடிகூடப் போகவில்லை. அவர் அதே நெட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் நானும் பொய் சொல்கிறவள் ஆவேன். "பொறுங்கள்" என்று பலகையில் ஊருக்கெல்லாம் எழுதிவைத்துவிட்டு, பொறுக்கமுடியாமல் போனது நீ ஒருத்தன்தான்.

ஸ்டாண்டில் இருந்த போனின் மெமரி கார்டை இதோடு வைத்திருக்கிறேன். அதில் முழுசும் இருக்கிறது. கேட்டுவிட்டு எழுது. மென்று விழுங்காமல் எழுது.

அக்கா


மார்ச் 17, காலை

அக்கா,

கார்டு நேற்று வந்தது. மேசையில் இருக்கிறது. இன்னும் போடவில்லை. போடுவதற்கு முன்னால் எழுதிவிடவேண்டும். கேட்டபிறகு எழுதினால் கேட்டதற்குத் தகுந்த மாதிரி எழுதிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

நெட் போகவில்லை. பலகையைப் போட்டது நான். "எனக்காகப் பேசினது என் த" என்று நீ நின்றாய். முதல் நாலு விநாடி பார்த்தேன். ஐந்தாவது விநாடி கை பட்டனுக்குப் போய்விட்டது. படம், ஒலி இரண்டையும் நிறுத்திப் பலகையை ஏற்றினேன். ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். உன் வாய் அசைவதை மட்டும் சின்னத் திரையில் பார்த்தேன். எல்லோரும் கைதட்டியதைப் பார்த்ததும் மறுபடி விட்டேன். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

நீ கஷ்டப்படுவதை எண்பத்தேழு பேர் பார்ப்பதை என்னால் தாங்கமுடியவில்லை என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். எழுதியும்விட்டேன். அந்தத் தாளைக் கிழித்தாயிற்று. அது காரணம் இல்லை. பயந்துபோய்தான் போட்டேன். நீ பூத் கதைக்குள் போகப்போகிறாய் என்று தெரிந்துவிட்டது.

அன்றைக்குப் பூத்துக்குள்ளே நடந்தது உனக்குத் தெரியாது. நேர்முகத்துக்கு வருகிறாய் என்று உறுதி சொல்லத்தான் நீ என்னை அனுப்பினாய். அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்திருக்கலாம். எனக்குப் பதினைந்து வயது, பெரிய மனுஷன் மாதிரி, "எங்க அக்கா கொஞ்சம் திக்குவாங்க சார், அன்னைக்குப் பொறுமையாக் கேளுங்க" என்றேன். அந்தப் பக்கம் இருந்த சார் உன் பெயரை மறுபடி கேட்டார். அப்புறம், "வாத்தியார் வேலைக்கு அது சரிப்படாதே தம்பி. அலைய வேண்டாம்னு சொல்லிடு" என்று வைத்துவிட்டார். நான் வெளியே வந்து உன்னிடம் இடம் எல்லாம் நிரம்பிவிட்டதாம் என்றேன்.

நீ டீச்சர் ஆகாமல் போனது என் வாயால். இருபத்துமூன்று வருடமாக அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. எனக்கு எந்தத் திக்கலும் கிடையாது பார். நீ எல்லோர் முன்னாலும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லப்போகிறாய் என்று பயந்து உன் வாயை மூடினேன். உன் பேச்சை மறைத்த குற்றத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி கார்டைப் போடுகிறேன்.

அதே நாள், சாயங்காலம்

கேட்டேன். நாலு தடவை. கீழே எழுதுவது நீ சொன்னது. ஒன்றையும் வெட்டவில்லை.

"எனக்காகப் பேசினது என் த..." பதினோரு விநாடி. ஃபேன் சத்தம். யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். நீ கண்ணை மூடவில்லை. "த, த, தம்பி. ஒரு நாள் ஒரு எடத்துக்கு போ..." ஆறு விநாடி. "போன் பண்ணச் சொன்னேன். நான் பூ, பூத்துக்கு வெளிய நின்னேன். அந்தக் கதவு சரியா மூடாது. எங்க அக்கா திக்குவாங்க, பொ..." ஒன்பது விநாடி. நீ லேசாகச் சிரிக்கிறாய். "பொறுமையாக் கேளுங்கன்னு அவன் கெஞ்சினது எனக்குக் கேட்டுச்சு. வெளிய வந்து எடம் இல்லைன்னான். பொய்னு தெரிஞ்சுது. எனக்குக் கோ, கோபம் வரல. அப்..." பதினாலு விநாடி. சலவைக்கடையிலிருந்து யாரோ இருமுகிறார்கள். "அப்பாடான்னு இருந்துச்சு. இனி கிளாஸ் முன்னாடி நிக்க வேண்டாமே. அந்த அப்பாடாவை யாருக்கும் காட்டாம இருக்க, அவனைத் திருடன் மாதிரி மு, முழிக்க விட்டேன். இன்னைக்கு அவன்தான் இதைக் காட்டிட்டிருக்கான். தம்பி, கே..." ஏழு விநாடி. "கேக்குதா?"

நீ அப்படி என்னைக் கேட்டபோது ஹெட்போன் மேசையில் கிடந்தது.

தம்பி


மார்ச் 22

தம்பிக்கு,

அச்சகத்தில் உன் கடிதத்தைப் பிரித்துவிட்டேன். பிரித்திருக்கக்கூடாது. மெய்ப்பெல்லாம் நனைந்துபோய் மறுபடி அச்செடுக்க வேண்டியதாயிற்று.

நான் உன்னை மன்னிக்கிற மாதிரி எழுதினால் அது சுலபம். நீயும் என்னை மன்னித்துவிடுவாய், இரண்டு பேரும் அழுதுவிட்டுப் போய்விடலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் கூட்டத்தில் சொன்னதிலேயே ஒரு திருத்தம் இருக்கிறது.

திருடன் மாதிரி முழிக்க விட்டேன் என்று மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு செய்ததைச் சொல்லவில்லை. அன்றையிலிருந்து நீ நான் கேட்காமலே ஓடிவந்து எனக்காகப் பேசினாய். கடையில், ஆஸ்பத்திரியில், பாங்கில். படிப்பை விட்டுவிட்டு என்னோடு அச்சகத்துக்கு வேலை கேட்க வந்தாய். ஏன் ஓடிவருகிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசவிட்டேன். உன் குற்ற உணர்ச்சி எனக்கு வசதியாக இருந்தது. "எனக்குக் கேட்டதுடா, விடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ உன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருப்பாய், நான் அன்றைக்கே வாயைத் திறக்கவேண்டியிருந்திருக்கும். அந்த வார்த்தை வராததற்குத் திக்கல் காரணம் இல்லை. அது கடிதத்தில்கூட வரவில்லையே.

நீ டீச்சர் வேலையைக் கெடுத்தாய் என்று இருபத்துமூன்று வருடம் சுமந்தாய். நான் அந்த வேலைக்குப் போயிருப்பேனா என்பது எனக்கே தெரியாது. நேர்முகத்துக்கு முந்தின நாள் காய்ச்சல் என்று படுத்திருப்பேன்.

இனி உன் பங்கு. பதினைந்து வயதில் நீ செய்தது தப்பில்லை. முப்பத்தெட்டு வயதில், மார்ச் ஒன்றாம் தேதி செய்தது தப்பு. அதற்கு நான் மட்டும் சொந்தக்காரி இல்லை. ஒரு மனிதர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஆயுளில் முதல் தடவையாகத் தன்னைப் போல ஒருத்தியைப் பார்க்கக் காத்திருந்தார். அவருக்கு நீ பலகையைக் காட்டினாய்.

ஆகவே கார்டில் இருப்பதை முழுசாக, ஒரு விநாடிகூடக் குறைக்காமல் ஏற்று. டிரைவருக்கு நீயே எழுது. நெட் என்று பூசி மெழுகாதே. ஏப்ரல் ஐந்தாம் தேதியும் நீதான் காட்டப்போகிறாய். வேறு ஆளைப் பார்க்கலாம் என்று தையல்காரர் சொன்னார். வேண்டாம் என்றேன். பலகையை மட்டும் அழித்துவிடு.

அக்கா


ஏப்ரல் 7

தம்பிக்கு,

டிரைவர் வந்தார், நீயும் திரையில் பார்த்திருப்பாய்! வண்டியை நாலு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, சலவைக்கடை வாசலில் இருபது நிமிடம் நின்றிருந்தாராம். கடைக்காரர் அவரைத் துணி கொடுக்க வந்தவர் என்று நினைத்து ரசீதுப் புத்தகத்தை எடுத்திருக்கிறார்.

நீ அவருக்கு என்ன எழுதினாய் என்று அவர் சொல்லவில்லை. "உங்க தம்பி எழுதியிருந்தாரு" என்று மட்டும் சொன்னார். மடித்து மடித்துக் கிழிகிற நிலைமையில் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

ஜன்னலுக்குக் கீழே கண் படாத நாற்காலியைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ஸ்டாண்டுக்கு நேராகப் போய் உட்கார்ந்தார். அவருடைய ஒரு காரியம், டீசல் பங்கில் எத்தனை லிட்டர் என்று எப்போதும் விரலைக் காட்டுவாராம், போன வாரம் வாயால் சொன்னாராம். அதைச் சொல்ல இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. நான் அவர் முகத்தைப் பார்க்கவேண்டியவள், வழக்கத்தை மீறி, நேரலை எப்படிப் போகிறது என்று பார்க்க இந்தத் தடவை மூலையில் வைத்திருந்த லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த விநாடியில் பலகை வருமோ என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். வரவில்லை. அவர் முகம் அப்படியே இருந்தது. வியர்வைகூடத் தெரிந்தது.

உன்னை நம்பாமல் பார்த்தேன் என்பதை ஒளிக்கவில்லை. அதுவும் இனி கொஞ்ச நாள் இருக்கும்.

இந்த மாதம் என் காரியத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதி ஞாயிறு பத்து மணிக்கு உனக்குப் போன் செய்வேன். எடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிரு.

அக்கா


ஏப்ரல் 12

அக்கா,

ஒன்பதே முக்காலுக்கே போனை மேசையில் வைத்து அதற்கு எதிரே உட்கார்ந்துவிட்டேன். மணி அடித்ததும் எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. உன் பக்கம் பஸ் போகிற சத்தம், ஒரு கதவு சாத்துகிற சத்தம். "த" என்றாய். நின்றது.

இத்தனை வருடமும் இந்த இடத்தில் நான் பேசியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பாய். "தம்பி" என்றாய். அப்புறம் "நீ" என்று ஆரம்பித்து மறுபடி நின்றாய். நீ என்ன கேட்க வருகிறாய் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நீ இன்னும் அதையே நினைச்சிட்டிருக்கியா என்று கேட்கப்போகிறாய். வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது, எடுத்துக்கொடுக்க.

"நீ சாப்ட்டியாடா?" என்றாய்.

அவ்வளவுதான் கேட்க வந்திருக்கிறாய். நான் கொடுத்திருந்தால் வேறு வார்த்தையை அல்லவா கொடுத்திருப்பேன். சின்ன வயதிலிருந்து கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எத்தனை தடவை இப்படித் தப்பான வார்த்தையை உன் வாயில் திணித்திருக்கிறேனோ. நீ ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

சாப்பிட்டேன் என்று சொல்லவேண்டும். வாயைத் திறந்தேன். எனக்குப் பேச்சு வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அளக்கவில்லை. நீ எடுத்துக்கொடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாய்.

தம்பி